கர்த்தர் பேசுவதைக் கேட்கப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸின் முன்னறையில் வியாழன்தோறும் எங்கள் வீட்டுக்கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பெரும்பாலும் வேலைக்குப் போகிற இளையவர்கள். அங்கே நான் அதிகம் கேட்டிருக்கிற முறைப்பாடு இதுதான்: "அண்ணா, கர்த்தர் எல்லாரோடயும் கதைக்கிறார், என்னோட மட்டும் கதைக்கிறாரே இல்லை." இதைச் சொல்கிறவர் அநேகமாக அடுத்த கிழமை விசா நேர்முகத்துக்குப் போகிறவராக இருப்பார். இல்லாவிட்டால் வீட்டில் ஒரு கலியாணம் பேசி வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லு என்று அம்மா நெருக்கிக்கொண்டிருப்பார். ஐந்து நாளில் பதில் வேண்டும். அதற்கு முந்திய ஐந்து வருடத்தில் ஒருநாளாவது சும்மா உட்கார்ந்து கேட்டுப் பார்த்தாயா என்றால், இல்லை.

அம்மா தெரியாத நம்பரிலிருந்து கோல் எடுத்தாலும், "தம்பி" என்ற முதல் சொல்லிலேயே யார் என்று பிடித்துவிடுகிறோம். அந்தக் குரலுக்குள்ளேயே வளர்ந்ததால் வந்த பழக்கம் அது. கர்த்தருடைய குரலும் அப்படித்தான் பழகும். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் குரல், பிறகுதான் கேள்வி. கீழே உள்ள பத்துப் படிகளில் ஒன்பதைத் தாண்டி நேரே பத்தாவதில் போய் நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது ஏற்கெனவே இயேசுவை விசுவாசிக்கிறவர்களுக்கு. கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை.

1. தொடங்க முன் எடுத்து வைக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனிலும் வாசிக்கலாம்தான், ஆனால் இரண்டாவது வசனத்தில் வட்ஸ்அப் சத்தம் வந்தால் நான் மூன்றாவது வசனத்துக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு காதுக்குப் பழகியது, அதை வைத்திருங்கள். கூடவே இலகு தமிழில் உள்ள இன்னொன்றும் பக்கத்தில் இருக்கட்டும். பழைய தமிழ் விளங்காத இடங்களில் நாமாக ஒரு ஆழமான அர்த்தத்தைக் கண்டுபிடித்து, அதையே கர்த்தர் தந்த வெளிப்பாடு என்று தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ஒரு கொப்பியும் பேனையும். கொப்பி ஏன் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

இருபது நிமிடம், தினமும் ஒரே நேரத்தில். கொழும்பில் பணத்தை விடக் கஷ்டம் அமைதி. காலி வீதிக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு 100ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன் ஓயமுன் நடுச்சாமம் ஆகிவிடும். எனக்குச் சரிவந்தது விடியப்புறம் ஐந்து மணி. அறையை நாலு பேரோடு பகிர்கிறவர்கள் மெரைன் டிரைவ் பக்கம் நடந்துகொண்டே ஜெபிக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். பௌர்ணமி விடுமுறையான போயா நாளை வீணாக்காதீர்கள்: மாதத்துக்கு ஒருமுறை ஊரே அடங்குகிற நாள், அரை நாள் தனியாக இருக்க அதைவிட நல்ல நாள் நமக்குக் கிடையாது.

கடைசியாக ஒரு ஆள். உங்கள் முகத்துக்கு நேரே "தம்பி, இது பிழை" என்று சொல்லக்கூடிய மூத்த விசுவாசி ஒருவரை இப்போதே தேடி வையுங்கள். பதில் கிடைத்த பிறகு தேடினால், அந்தப் பதிலுக்கு ஆமாம் போடுகிறவரைத்தான் தேடுவீர்கள்.

2. ஏன் பேசுகிறார் என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் ஊர்த் தமிழில் "அப்பா பேசினார்" என்றால் அப்பா ஏசினார் என்று அர்த்தம். சாதாரணமாக வாய்திறந்து சொல்வதற்குக் "கதைத்தார்" என்போம். வேதாகமத் தமிழிலோ கர்த்தர் எப்போதும் "பேசினார்". இந்த ஒரு சொல் எங்களுக்கு எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது என்று சிலவேளை யோசிப்பேன். கர்த்தருக்கு முன் உட்கார்ந்தால் ஏச்சு விழும் என்று உள்ளுக்குள் எதிர்பார்க்கிறவன் எப்படிக் காதைத் திறப்பான்?

ஏதேனில் மனிதன் ஒளித்துக்கொண்ட பிறகு கர்த்தர் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்கே இருக்கிறாய்?" இடம் தெரியாமலா கேட்டார்? கதையைத் தொடங்கக் கேட்டார். சோதோமைப் பற்றி ஆபிரகாமுக்குச் சொல்லமுன், "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" என்கிறார். இயேசு சீஷர்களிடம், ஊழியக்காரனுக்கு எஜமான் செய்வது தெரியாது, நான் உங்களைச் சிநேகிதர் என்றேன் என்கிறார் (யோவான் 15). ஆக, அவர் பேசுவதன் முதல் காரணம் உறவு. வழிகாட்டுவது, கண்டிப்பது, எச்சரிப்பது எல்லாம் அந்த உறவுக்குள்ளே வருகிறவை.

இதை ஏன் முதலிலேயே தீர்க்க வேண்டும் என்றால், தகவல் கேட்டு வருகிறவனும் ஆளைத் தேடி வருகிறவனும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை. தகவலுக்கு வருகிறவன் "போகலாமா, வேண்டாமா" என்ற ஒரு சொல்லுக்காக மட்டும் காதை வைத்திருப்பான். அன்று காலை கர்த்தர் அவனுடைய கோபத்தைப் பற்றிச் சொன்னது அவன் காதில் ஏறவே ஏறாது.

3. கடைசியாகச் சொன்னதைச் செய்தாயிற்றா பாருங்கள்

புதிதாக ஒன்றைக் கேட்கமுன், ஏற்கெனவே தெரிந்தும் செய்யாமல் விட்டது எது என்று பத்து நிமிடம் யோசியுங்கள். திருப்பிக் கொடுக்காத கடன், கேட்காத மன்னிப்பு, வேலைத்தளத்தில் போட்ட பொய் பில். இதற்குத் தனி வெளிப்பாடு தேவையில்லை, பத்துக் கட்டளையே போதும்.

என்னுடையது ஒரு சீட்டுக் காசு விவகாரம். மச்சானோடு எட்டு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த எட்டு மாதமும் நான் வேறு வேலைக்கு மாறலாமா என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு காலையும் மச்சானின் முகம்தான் வந்தது. அதை நான் சாத்தானின் இடைஞ்சல் என்று கடிந்து ஜெபித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் வத்தளைக்குப் போய் அவனிடம் கதைத்த பிறகுதான் மற்றக் கேள்வியை அமைதியாக வைத்துப் பார்க்கவே முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: இதைச் சாட்டாக வைத்து, முழுவதும் சுத்தமான பிறகுதான் ஜெபிப்பேன் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்த ஒன்றைச் செய்யத் தொடங்கினால் போதும்.

4. கேள்வியை மூடி வைத்துவிட்டு ஒரு சுவிசேஷத்தை வாசியுங்கள்

மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் என்ற கணக்கில், அவசரமில்லாமல், வரிசையாக. உங்கள் பெரிய கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் செருகி வையுங்கள். மாற்கு முடியும்வரை அதை எடுக்காதீர்கள்.

ஏன் வரிசையாக? அப்போதுதான் நீங்கள் தெரிவு செய்யாத பகுதியும் உங்களைப் பிடிக்கும். ஏன் சுவிசேஷம்? குரலைப் பழக வேண்டும் என்றால் அந்த ஆள் யாரிடம் எப்படிக் கதைத்தார், யாரிடம் பேசாமல் நின்றார், எந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கேட்டார் என்பதெல்லாம் காதில் ஊற வேண்டும்.

முறை சின்னது. ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை மெதுவாக வாசித்து, எந்தச் சொல் உங்களை நிறுத்துகிறதோ அதிலேயே நில்லுங்கள். அது ஏன் நிறுத்தியது என்று கர்த்தரிடமே கேளுங்கள். பிறகு புத்தகத்தை மூடுங்கள்.

இங்கே நடக்கிற பெரிய பிழை, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை எடுப்பது. அதன் தம்பிதான் புதுவருட ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டை. அட்டையில் தப்பில்லை, என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் வசனத்தை அது இருந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எரேமியா 29:11 போதும். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் அது "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" என்று போகிறது. கனடாவை எதிர்பார்த்திருக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நேரே விசா முத்திரை மாதிரி.

ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்திய வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்கிறது. சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்கிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும் அதே கடிதத்திலேயே இருக்கிறது. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தானே இடம்!

5. ஐந்து நிமிடம் சும்மா இருங்கள்

வாசித்து முடிந்ததும் எழும்பி ஓடாதீர்கள். ஐந்து நிமிடம், வாய் மூடி. எங்கள் ஜெபம் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. விண்ணப்பங்களை அடுக்கி, ஆமென் சொல்லி, மற்றப் பக்கம் வாய் திறக்கமுன் போனை வைத்துவிடுவோம்.

முதல் கிழமை மனதில் வருவதெல்லாம் கரண்ட் பில், ஒஃபிஸ், மீன் வாங்க வேண்டும் என்பவைதான். அவற்றோடு சண்டை பிடிக்காமல் கொப்பியின் ஓரத்தில் "மீன்" என்று எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதிய விஷயம் அநேகமாகத் திரும்ப வந்து தட்டாது. சாமுவேல் சொன்ன "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற ஒரு வரியோடு தொடங்கலாம், அதற்கு மேல் சொற்கள் வேண்டாம்.

நித்திரை வந்தால்? தூங்குங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. எலியா ஓரேப் மலையில் அந்த "அமர்ந்த மெல்லிய சத்தத்தை" கேட்கமுன் என்ன நடந்தது என்று 1 இராஜாக்கள் 19ஐ வாசித்துப் பாருங்கள்: சூரைச்செடியின் கீழ்ப் படுத்து நித்திரை கொண்டான், தூதன் தட்டி எழுப்பிச் சாப்பிட வைத்தான், திரும்பவும் படுத்தான், திரும்பவும் சாப்பிட்டான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, கண் சொருக முழங்காலில் நின்று, "கர்த்தர் தூரமாகிவிட்டார்" என்று அழுகிற தம்பிமாருக்கு நான் கொடுக்கிற முதல் ஆலோசனை எட்டு மணிநேர நித்திரை.

6. எழுதுங்கள், ஆனால் கர்த்தருடைய கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்

திகதி, வாசித்த பகுதி, நிறுத்திய சொல், மனதில் வந்தது. நாலே வரி. ஆபகூக் தீர்க்கதரிசியிடம் தரிசனத்தை எழுதி வை, அது குறித்த காலத்துக்குரியது என்றுதான் சொல்லப்பட்டது. எழுதாவிட்டால் மூன்று மாதத்துக்குப் பிறகு, நடந்ததற்கு ஏற்றபடி ஞாபகத்தை நாமே திருத்திவிடுவோம்.

"கர்த்தர் சொன்னார்" என்று எழுதாமல், "கர்த்தர் இதைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்" என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல் இருந்தால் பிழைத்துப்போனாலும் திருத்த இடமிருக்கிறது. "கர்த்தர் சொன்னார்" என்று நாலு பேருக்கு அறிவித்த பிறகு பின்வாங்குவது ஆளுக்கும் கஷ்டம், அவர் பெயருக்கும் இழுக்கு.

7. அது யாருடைய குரல்?

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

சிறுவன் சாமுவேலுக்குக் கர்த்தருடைய சத்தம் ஏலியின் சத்தம் மாதிரிக் கேட்டது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. வயதான ஆசாரியன் ஏலிக்கே மூன்றாம் தரம்தான் பிடிபட்டது. ஆகவே குரல்களைக் குழப்பிக்கொள்வது அவிசுவாசம் ஆகாது, பழக்கம் போதாமை மட்டும்தான். நமக்குள் கேட்கிற குரல்கள் பல: சொந்த ஆசை, பயம், அம்மா, ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்ற குரல், நேற்றிரவு பார்த்த பிரசங்க வீடியோ.

நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் இவை. வேதம் வெளிப்படையாகச் சொன்னதோடு மோதுகிறதா? மோதினால் விஷயம் அங்கேயே முடிந்தது. கலியாணம் முடித்த ஒருவரை "கர்த்தர் எனக்குத் துணையாகக் காட்டினார்" என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது, தொனி. யாக்கோபு 3:17 பரத்திலிருந்து வரும் ஞானத்துக்கு அடையாளம் சொல்கிறது: சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம். "இப்பவே செய், இல்லாவிட்டால் அழிந்தாய்" என்று கழுத்தைப் பிடிக்கிற அவசரம் பெரும்பாலும் பயத்தின் குரல். ஆனால் இதைச் சட்டமாக்காதீர்கள், லோத்தைத் தூதர்கள் அவசரப்படுத்தித்தான் சோதோமிலிருந்து வெளியே கொண்டுபோனார்கள்.

கண்டிப்பையும் குற்றப்படுத்தலையும் பிரித்தறியப் பழகுங்கள். "நேற்று அக்காவிடம் அப்படிச் சொன்னது பிழை, போய் மன்னிப்புக் கேள்" என்பதில் விஷயமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. "நீ ஒன்றுக்கும் உதவாதவன்" என்பதில் இரண்டும் இல்லை. முந்தியது ஆவியானவருடைய வழக்கம். பிந்தியதை விட்டுத்தள்ளுங்கள்.

இன்னொன்று: கேட்டது எல்லாமே எனக்குச் சாதகமாக இருக்கிறதா? கொப்பியை ஒரு மாதம் பின்னுக்குத் தட்டிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் கர்த்தர் உங்களோடு ஒத்துப்போயே இருந்தால், அந்தக் கொப்பியில் கதைத்தது அநேகமாக நீங்கள்தான்.

காதால் கேட்கிற மாதிரிக் குரல் வந்து, உங்களையோ இன்னொருவரையோ காயப்படுத்தச் சொன்னால், நித்திரையில்லாமல் நாள்கணக்காக அது ஓயாவிட்டால், உபவாச ஜெபத்துக்குக் காத்திராமல் வைத்தியரிடம் போங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. மருந்தை நிறுத்தச் சொல்கிற "தீர்க்கதரிசனம்" யாரிடமிருந்து வந்தாலும் கேட்காதீர்கள்.

8. இன்னொருவர் முன் வையுங்கள்

முதல் படியில் தேடி வைத்த ஆள் இப்போது தேவை. மக்கெதோனியாவுக்கு வா என்று அழைத்த தரிசனத்தைக் கண்டது பவுல் ஒருவர். ஆனால் தேவன் அழைத்தார் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் "நாங்கள்" என்று அப்போஸ்தலர் 16:10 பன்மையில் எழுதுகிறது. சபையில் தீர்க்கதரிசனம் சொன்னாலும் மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29.

மற்றப் பக்கமும் உண்டு: பிறர் உங்களுக்குச் சொல்வது. வெளிநாட்டிலிருந்து வந்த ஊழியர் தலையில் கைவைத்து, "இந்த வருடம் கடல் கடந்து போவாய்" என்றார் என்று ஒரு தங்கச்சி இருந்த வேலையை விட்டாள். வருடம் முடிந்தது, வேலையும் இல்லை, பயணமும் இல்லை. அவளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில் நாங்களும் கைதட்டினோம், ஒருவரும் நிதானிக்கவில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கு இது: கலியாணம், பயணம், வேலை, பணம், பிள்ளை இந்த ஐந்தைப் பற்றி யாரும் யாருக்கும் "கர்த்தர் சொன்னார்" என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று பாரமாக இருந்தால், மூத்தவர் ஒருவர் கூட இருக்க, "நிதானித்துப் பாருங்கள்" என்ற சொல்லோடு சொல்லலாம். காணிக்கைத் தொகையையும் சேர்த்துச் சொல்கிற தீர்க்கதரிசனம் என்றால், நிதானிக்கவும் நேரம் செலவழிக்காதீர்கள்.

9. சின்ன விஷயத்தில் நடந்து பாருங்கள்

ஒருவருக்குக் கோல் எடு, அந்தத் தண்ணீர் போத்தலைக் காவலாளிக்குக் கொடு, இன்றைக்கு அந்தப் பதிலை எழுதாதே. பிழைத்தாலும் யாருக்கும் நட்டமில்லாத அளவில் கீழ்ப்படிந்து, நடந்ததைக் கொப்பியில் எழுதுங்கள். கேட்பது கீழ்ப்படிவதில்தான் கூர்மையாகிறது.

பிழைக்கும். சுகமில்லாத நண்பனைப் போய்ப் பார் என்று எனக்கு ஒருநாள் பலமாக உணர்த்தப்பட்டது. அன்னாசிப்பழமும் வாங்கிக்கொண்டு, மழையில் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனால், அவன் முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டான். அன்று என் கொப்பியில் இருப்பது: "கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம்." பழத்தைப் பக்கத்துக் கட்டில் ஐயாவிடம் கொடுத்தேன். அதற்குத்தான் கர்த்தர் அனுப்பினார் என்று கதை கட்டலாம். நான் கட்டவில்லை.

10. இப்போது அந்தப் பெரிய கேள்வி

மாற்கு முடிந்ததா? கடைசிப் பக்கத்தில் செருகிய தாளை எடுங்கள். சிலருக்குக் கேள்வியே மாறியிருக்கும். "போகலாமா" என்று எழுதியவர் அதை வாசித்து, "ஏன் இங்கிருந்து ஓடப் பார்க்கிறேன்" என்று கீழே எழுதியதை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி அப்படியே இருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு கிழமை எடுத்து ஜெபியுங்கள்: முதல் கிழமை போவதாகத் தீர்மானித்தவர் போல, அடுத்த கிழமை போகாததாகத் தீர்மானித்தவர் போல. எதில் மனம் தெளிவாகிறது, எதில் சுருங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனம் இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்த நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகளின் ஸ்தாபகர் லொயோலா இஞ்ஞாசியார் கொடுத்த அறிவுரை இது, கத்தோலிக்க நண்பர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டு இன்றுவரை பின்பற்றுகிறேன்.

"பஸ் மூன்று நிமிடத்தில் வந்தால் ஆம்" என்ற மாதிரி அடையாளம் கேட்காதீர்கள். கிதியோன் யுத்தத்துக்குப் போகமுன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டான்தான், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு முன்னமே சொல்லியாயிற்று. "நீர் சொன்னபடி" என்று அவனே தொடங்குகிறான். அவனுடைய தேவை தைரியம். புதுத் தகவல் ஒன்றும் அந்தத் தோலிலிருந்து வரவில்லை.

எல்லாம் செய்தும் பதில் இல்லையா? யாக்கோபு 1:5ன்படி ஞானத்தைக் கேட்டு, விபரங்களைப் பார்த்து, தெரிந்தவர்களிடம் விசாரித்து, முடிவெடுங்கள். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் கடிதத்தில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்றுதான் எழுதினார்கள். நல்ல இரண்டு வழிகளில் எதில் போனாலும் கூட வருகிற ஒருவரைப் பற்றித்தான் நாம் கதைக்கிறோம்.

ஒன்றும் கேட்காத காலையிலும் கொப்பியைத் திறந்து திகதியைப் போடுங்கள். வாசித்த பகுதியை எழுதுங்கள். கீழே "இன்று ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதிவிட்டுப் பிளேன் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போங்கள். என் கொப்பியில் அப்படி அடுத்தடுத்துப் பதினொரு பக்கம் இருக்கிறது. பன்னிரண்டாவது பக்கத்தில் மச்சானின் பெயர்.